குழாயில் படியும் சுண்ணாம்பு
(யூபிலி ஆண்டில், லூர்து அன்னை திருநாளன்று நடந்த நோயாளர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நற்கருணை கொண்டு நாம் செல்லும் வீடுகளில், டயாலிசிஸுக்காகச் சேலத்துக்கோ நாமக்கல்லுக்கோ வாரந்தோறும் பஸ் ஏறுகிறவர்கள் இன்று பலர். தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்பதை அவர்கள் எல்லாரும் அறிவார்கள். பாஸ்பரஸைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே. நாமும் அதை அறிந்தது ஓர் இறப்பு வீட்டில்தான். அந்தப் பெரியவர் ஒரு நாளும் டயாலிசிஸைத் தவறவிட்டதில்லை, மாரடைப்பில் இறந்தார். சாப்பாட்டோடு விழுங்க வேண்டிய மாத்திரைகள் அவருடைய அலமாரியில் அட்டை அட்டையாகக் கிடந்தன. குணம் ஒன்றும் தெரியவில்லை என்று ஒதுக்கிவிட்டாராம். அதனால்தான் இறந்தார் என்று நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அந்த மாத்திரை எதற்கு என்று அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை என்பது நம் நெஞ்சை உறுத்தியது. மருத்துவர்களிடம் கேட்டறிந்தோம்.

சோறு, பருப்பு, பால், இறைச்சி எல்லாவற்றிலும் பாஸ்பரஸ் உண்டு. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றும். அது கெட்டால் பாஸ்பரஸ் இரத்தத்தில் தேங்கும். சூரிய ஒளியால் நாம் பெறும் வைட்டமின் டியைப் பக்குவப்படுத்துவதும் சிறுநீரகமே, அதுவும் நின்றுபோகும். அப்போது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் முடுக்கிவிடப்பட்டு, எலும்பிலிருக்கும் சுண்ணாம்புச்சத்தைப் பிடுங்கி இரத்தத்தில் விடுகின்றன. எலும்பு வலுவிழக்கிறது, இரத்தக் குழாயின் சுவரோ எலும்பைப் போல இறுகுகிறது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேற்றுமை உண்டு: பானை சும்மா இருக்கிறது, குழாய்ச் சுவரிலுள்ள உயிரணுக்களோ பாஸ்பரஸ் மிகும்போது தாமே எலும்பு உயிரணுக்களைப் போல மாறிவிடுகின்றன. இறுகிய குழாயில் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. டயாலிசிஸ் நோயாளிகளில் மிகுதியானோர் இதய நோயால் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"சங்ககிரிப் பக்கத்துச் சுண்ணாம்புத் தண்ணீர்தான் இதைச் செய்கிறது, சாமி" என்றார் ஒருவர். அல்ல. குற்றம் நம் கிணற்றின்மேல் இல்லை.

வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம் டயாலிசிஸ் செய்தாலும், உண்ணும் பாஸ்பரஸ் முழுவதும் வெளியேறாது. அதனால்தான் அந்த மாத்திரை. உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துவைத்து மலத்தோடு போக்குகிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விழுங்கினால் பயனில்லை. மருந்துக் கடையில் 'எலும்புக்குப் பலம்' என்று சுண்ணாம்புச்சத்து மாத்திரையைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவதோ ஆபத்து.

நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். ஒரு முட்டையில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் பாஸ்பரஸ். அநேகமாக எல்லாம் மஞ்சள் கருவில். வெள்ளைக் கருவில் புரதம் உண்டு, பாஸ்பரஸ் மிகச் சொற்பம். டயாலிசிஸ் செய்கிறவருக்குப் புரதம் வேண்டும். ஆகவே வெள்ளையை அவருக்கும் மஞ்சளைப் பேரப்பிள்ளைக்கும் கொடுங்கள். கோலா பானங்களை விலக்குங்கள். அவற்றில் சேர்க்கும் பாஸ்பரஸ் எளிதில் இரத்தத்தில் கலந்துவிடும்.

தவக்காலம் வருகிறது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் நோயாளிகளைக் கட்டுப்படுத்தா. திருச்சபை அவர்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சிக்குப் பதிலாகக் கருவாடு வைப்பது நம் பழக்கம். உப்பும் பாஸ்பரஸும் மிகுந்த அது இவர்களுக்கு ஆகாது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். ஆனாலும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் போகின்றன. வின்சென்ட் தே பவுல் சபையார் இதைக் கவனிக்க வேண்டுகிறோம். மரியாயின் சேனையார் வீடு சந்திக்கும்போது, ஜெபமாலை முடிந்தபின், மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போன மாதம் ஒரு வீட்டில் கேட்டார்கள். இப்போது அந்த வீட்டம்மாள் கணவருக்குச் சோறு போடுமுன், தட்டின் ஓரத்தில் முன்பு உப்பு வைத்த இடத்தில், அந்த மாத்திரையை வைக்கிறார்.