காப்பீட்டு அட்டையும் சேரிப் பெண்ணின் உடலும்

(தலித் மாணவர்கள் கூட்டிய ஒருநாள் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



அரசாங்கத்தின் மருத்துவக் கொள்கை மாறும்போது மருத்துவத் தொழில் எப்படித் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை டாக்டர்கள் மாநாட்டில் போட்டால் ஒரு விதமான பதில் கிடைக்கும். புது விதி வந்தால் கணக்கை எப்படி எழுதுவது, எந்தப் பிரிவைப் பெரிசாக்குவது, எந்த மெஷினை வாங்கிப் போடுவது என்று பேசுவார்கள். அது அவர்கள் பாடு. நாம் சேரியில் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்கிறோம். மாறிக்கொள்கிறது சரி, யாரைப் பார்த்து மாறிக்கொள்கிறது? நோயாளியைப் பார்த்தா, காசு வருகிற திசையைப் பார்த்தா?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1946-இல் ஜோசப் போர் தலைமையிலான குழு அறிக்கை கொடுத்தது. காசு இல்லை என்ற காரணத்தால் ஒரு மனுசனுக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்பது அதன் அடிப்படை. அரசு டாக்டர் முழுநேரச் சம்பளக்காரராக இருக்க வேண்டும், தனியாகத் தொழில் பார்க்கக் கூடாது என்றும் அது சொன்னது. இந்த இரண்டாவது விஷயம் என்ன ஆச்சு? காலையில் பெரியாஸ்பத்திரியில் பார்க்கிற டாக்டரையே சாயங்காலம் அவர் கிளினிக்கில் காசு கொடுத்துப் பார்க்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கு அனுமதியே உண்டு. ஆக, தனக்கு நஷ்டம் வருகிற கொள்கைக்கு மருத்துவத் தொழில் தன்னை மாற்றிக்கொண்டதே கிடையாது. அந்தக் கொள்கையைத்தான் மாற்றியது. இதை முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

1993-இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கையை ஆரோக்கியத்தைப் பற்றியே போட்டது. அரசாங்கம் அத்தியாவசியமான சிலதை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும், மற்றது தனியாரும் காப்பீடும் பார்க்கட்டும் என்பது அதன் சாரம். 2007-இல் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ வந்தது. 2008-இல் மத்திய அரசு ஆண்டுக்கு 30 ஆயிரம் ரூபாய் வரைக்குமான காப்பீட்டு அட்டையை ஏழைக் குடும்பங்களுக்குக் கொடுத்தது. 2009-இல் இங்கே கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012-இல் அது முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் ஆனது. 2017-இன் தேசிய நலவாழ்வுக் கொள்கை, தனியாரிடமிருந்து சிகிச்சையை அரசு விலைக்கு வாங்கும் என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 2018-இல் மத்திய அரசின் ஐந்து லட்ச ரூபாய்த் திட்டம். ஆட்சிகள் மாறின, படங்கள் மாறின, திசை மட்டும் மாறவில்லை. ஆஸ்பத்திரி நடத்துகிறவர் என்ற இடத்திலிருந்து பில் கட்டுகிறவர் என்ற இடத்துக்கு அரசு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இந்த அட்டையால் பிரயோசனமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பொய். கேட்டுக்குள்ளேயே நம்மை விடாத ஆஸ்பத்திரியில் இதய அறுவை செய்துகொண்டு உயிரோடு திரும்பியவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உலக வங்கியின் சதி என்று லெக்சர் கொடுக்க முடியாது. நாம் கேட்க வேண்டியது, அந்த அட்டை எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதை.

நான் வங்கி குமாஸ்தா. நகைக் கடன் கவுண்டரில் உட்காருகிறவன். விண்ணப்பத்தில் 'விவசாயச் செலவு' என்று எழுதுவார்கள். கையில் சுருட்டி வைத்திருக்கிற பிளாஸ்டிக் பையில் எக்ஸ்ரே எட்டிப் பார்க்கும். "அட்டை இல்லையாம்மா?" என்றால், "இருக்குதுங்க சார், படுத்தாத்தான் செல்லுமாம்" என்பார்கள். ரொம்பச் சரியான வார்த்தை அது. படுக்கையில் சேர்த்துச் செய்கிற சிகிச்சைக்குத்தான் அட்டை முக்கியமாகச் செல்லும். நடந்து போய் நடந்து வருகிற நோய்க்கு, ஒரு வாரக் காய்ச்சலுக்கு, இடுப்பு வலிக்கு, நின்றுபோன கூலிக்கு, அது செல்லாது. நம் ஜனங்களைக் கடனாளி ஆக்குவது பெரும்பாலும் அந்த நடக்கிற நோய்தான்.

இப்போது மருத்துவத் தொழில் இதற்கு எப்படித் தன்னை மாற்றிக்கொண்டது என்று பாருங்கள். காப்பீட்டில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு 'பேக்கேஜ்' விலை உண்டு. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினால் ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் வராது. கத்தி வைத்தால் வரும். ஒரு பெண் வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி என்று வருகிறாள். நாள் பூராவும் சேற்றில் நின்று நடவு செய்கிறவள். பெரும்பாலும் கிருமித் தொற்றாக இருக்கும், மாத்திரையில் தீரும். ஆனால் மாத்திரைக்குப் பேக்கேஜ் இல்லை. கர்ப்பப்பையை எடுப்பதற்கு இருக்கிறது. "புள்ளைங்க பொறந்தாச்சே, இனி எதுக்கு இது? விட்டா புத்துநோயா மாறிடும்" என்கிறார்கள். அவள் கைநாட்டு வைக்கிறாள்.

இது என் கற்பனை இல்லை. ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ வந்த பிறகு கர்ப்பப்பை அறுவைகள் எக்கச்சக்கமாகிப் பெரிய பிரச்சினையானது. சில ஆண்டுகளுக்குள் அந்த அறுவைக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குக் காப்பீட்டுப் பணம் கொடுப்பதையே அரசு நிறுத்த வேண்டியதாயிற்று. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுக்கப்பட்டதைப் பற்றி 2013-இல் டாக்டர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மத்திய அரசின் காப்பீட்டுப் பணத்துக்காகத் தனியார் ஆஸ்பத்திரிகள் இதைச் செய்தன என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெண்கள் யார்? பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட சாதிப் பெண்கள் என்று மனுவே சொல்கிறது. பத்து வருசம் கழித்து, 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய அரசு வகுத்த வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும், இந்த அறுவைகளைக் கண்காணிக்கக் குழுக்கள் வேண்டும் என்றது.

தோழர்களே, இதை வெறும் காசாசை என்று மட்டும் பேசி முடித்துவிட முடியாது. காசாசை எல்லார் மீதும் ஒரே மாதிரிப் பாய்வதில்லை. யார் எதிர்த்துக் கேட்க மாட்டாளோ, யாருடைய புருசன் கலெக்டர் ஆபீஸ் படியேற மாட்டானோ, யாருடைய உடல் ஏற்கனவே ஊருக்குப் பொதுவான உழைப்புக் கருவியாக நினைக்கப்படுகிறதோ, அங்கேதான் கத்தி தைரியமாக இறங்குகிறது. தொடமாட்டேன் என்று சொன்ன அதே அமைப்பு, பேக்கேஜ் வந்ததும் உள்ளே கைவிட்டு எடுக்கிறது. தீண்டாமை போய்விட்டது என்று இதற்கு அர்த்தமா? 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் ஆய்வு செய்து 2006-இல் வெளியான புத்தகம் ஒன்று இருக்கிறது. கன்ஷியாம் ஷாவும் மற்றவர்களும் எழுதியது. 33 சதவீதக் கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்தார்கள் என்று அது பதிவு செய்திருக்கிறது. தடுப்பூசி போடவும் பிள்ளைத்தாச்சியைப் பார்க்கவும் வாசல்படி தாண்டாதவர்கள் இருக்கிற நாட்டில், ஆபரேசன் தியேட்டர் மட்டும் சமத்துவமாகத் திறந்திருக்கிறது என்றால் சந்தேகப்பட வேண்டும்.

காப்பீடு என்றாலே இப்படித்தானா? இல்லை. இங்கே அம்பேத்கரை நினைக்க வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான அடார்கர் அறிக்கை 1944-இல் அந்தக் காலத்தில்தான் வந்தது. 1948-இல் ஈ.எஸ்.ஐ. சட்டமாயிற்று. அதன் அமைப்பைப் பாருங்கள். முதலாளி கட்ட வேண்டும், தொழிலாளியும் கட்டுவான். 2019 ஜூலையிலிருந்து சம்பளத்தில் முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. அந்தப் பணத்தில் சொந்தமாக ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி. நடந்து போகிற நோய்க்கும் மருந்து உண்டு. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கையில் வரும். ஒருத்தனுக்கு நோய் வந்தால் அவன் கூலியும் போகிறது என்று புரிந்துகொண்ட காப்பீடு இது. குறைகள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் அது உழைக்கிறவனின் உரிமை என்ற நினைப்பில் பிறந்தது. இன்றைய அட்டை ஏழைக்குச் செய்யும் தயவு என்ற நினைப்பில் பிறந்தது. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே நின்றவர்கள் யார் தெரியுமா? விவசாயக் கூலிகள். அதாவது நம்மவர்கள்.

ஆஸ்பத்திரியின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். வார்டு கூட்டுகிறவர், மலஜலம் அள்ளுகிறவர், பிண அறையில் உடலைத் திறக்கிறவர், இவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்கத் தேவையில்லை. இழிவு இருந்தது, ஆனாலும் அரசுச் சம்பளமும் பென்சனும் இருந்தன. அந்தப் பென்சனில் படித்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். துப்புரவுப் பணியை ஒப்பந்தத்துக்கு விடலாம் என்று கொள்கை மாறியதும் ஆஸ்பத்திரி நிர்வாகம் எவ்வளவு வேகமாக மாறிக்கொண்டது பாருங்கள்! யூனிபாரத்தின் நிறம் மாறியது, கம்பெனி பெயர் வந்தது, வேலை நிரந்தரம் போனது. துடைப்பம் பிடிக்கிற கை மட்டும் அதே கை. 2020-இல் கொரோனா வார்டுக்குள் முதலில் போனதும் அந்தக் கைதான்.

சேரியைப் பார்த்தும் மருத்துவம் மாற முடியுமா? முடியும். கொள்கையை அப்படி எழுதினால் முடியும். 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டு, அரசே மொத்தமாக மருந்து வாங்கி ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. சீட்டை எழுதி வெளியே வாங்கிக்கோ என்று விரட்டுவது அதனால் குறைந்தது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும் என்றது. இதில் அறுவை இல்லை, பேக்கேஜ் இல்லை, அதனால் தனியாருக்கு ஆர்வமும் இல்லை. ஆனால் நம் கிழவிகளின் உயிரைப் பிடித்து வைக்கிற வேலை இதுதான். அந்த மாத்திரையைக் கொண்டுவரும் பெண்ணுக்கு முழுச் சம்பளம் உண்டா, அவள் படியேறி உள்ளே வருகிறாளா, தெருமுனையிலேயே கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறாளா என்பதைப் பார்க்க வேண்டியது நம் வேலை.

ஆகவே கடைசியாகச் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

காப்பீட்டில் ஆபரேசன் என்று யார் சொன்னாலும் கைநாட்டு வைப்பதற்கு முன் அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். கர்ப்பப்பை என்றால், அதிலும் நாற்பது வயதுக்குள் என்றால், கட்டாயம் காட்ட வேண்டும். கூட ஒரு ஆள் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்காமல் வராதீர்கள். உங்கள் மாவட்டத்தில் கர்ப்பப்பை அறுவையைக் கண்காணிக்கும் குழு இருக்கிறதா, எத்தனை முறை கூடியது, எந்த வயதில் எத்தனை பெண்களுக்கு எந்த ஆஸ்பத்திரியில் எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சாதிவாரியாகவும் கேளுங்கள். கணக்கு இல்லை என்று பதில் வந்தால் அதையே துண்டறிக்கையாகப் போடுங்கள். ஆஸ்பத்திரி ஒப்பந்தத் தொழிலாளர்களின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்து ஈ.எஸ்.ஐ. பிடித்ததைக் கட்டினார்களா என்று பாருங்கள். காப்பீட்டுக்குப் போகிற பிரீமியம் பணம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் திரும்ப வேண்டும் என்பது நம் அரசியல் கோரிக்கையாக வேண்டும். சம்பளம் போகும் நாளுக்கும் ஈடு வேண்டும் என்று விவசாயக் கூலிகளுக்காகக் கேட்க வேண்டும்.

இங்கே மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகள் சிலர் இருக்கிறீர்கள். உங்களை வேறு மாதிரிப் பழக்கப் பார்ப்பார்கள். பேக்கேஜைப் பார்த்து நோயைச் சொல்லப் பழக்குவார்கள். நீங்கள் ஆளைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லுங்கள். அதற்கு இந்த நாட்டில் அரசியல் அர்த்தம் உண்டு.

ஜெய்பீம்.