இரகசியமும் அந்தரங்கமும்



இன்று காலை உங்கள் கையில் தரப்பட்ட நிகழ்ச்சி நிரலில், முதல் அமர்வில் பேசவிருப்பவரின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருப்பதை உங்களிற் பலர் கவனித்திருப்பீர்கள். சிலர் அதனை அச்சகத்தாரின் கவனக்குறைவென்று எண்ணி, என்னிடமே வந்து அன்போடு எடுத்துக் காட்டவும் செய்தார்கள். அது பிழையன்று. இக்கருத்தரங்கின் விஷயம் முழுவதும் அந்த வெற்றிடத்துக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது என்பது என் அபிப்பிராயமாகையால், எனக்கு அளிக்கப்பட்ட நேரத்தை அதைப் பற்றிப் பேசுவதற்கே பயன்படுத்திக்கொள்கிறேன்.

படைத்துறையில் கதிர்வீச்சுக்கு நடுவே வேலை செய்வோரின் உடல்நலப் பதிவேடுகளை யார் பார்க்கலாம், யார் பார்க்கலாகாது என்ற கேள்வியை ஆராய்வதற்கு டில்லியோ மும்பையோ அல்லவா ஏற்ற இடம், இத்தீவிலுள்ள பத்துபஸ்தியில் என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பர்கள் உண்டு. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்ற நம் போர்ட் பிளேரில், முப்படைகளும் ஒரே தலைமையின்கீழ் இயங்கும் ஏற்பாடு 2001ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. கடற்படையின் மருத்துவமனையும் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையும் விமானத் தளமும் இவ்வூருக்குத் தொலைவில் இல்லை. கதிர்வீச்சு என்றதும் நமக்கு அணுகுண்டு நினைவுக்கு வருகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர் தினந்தோறும் அதனோடு பழகுகிறார். கப்பலின் இரும்புத் தகட்டில் வைத்த வெல்டிங்கினுள்ளே விரிசல் இருக்கிறதா என்று அறிய, இரிடியம்-192 போன்ற கதிரியக்கப் பொருளைக் கொண்டு இரும்பையே படம் பிடிக்கும் தொழில் உலகத்துக் கப்பல் துறைகளிலெல்லாம் நடைபெறுகிறது. பழைய விமானக் கருவிகளின் முகப்பு இருளில் ஒளிரும்பொருட்டு ரேடியம் கலந்த வர்ணம் பூசிய காலமும் ஒன்று இருந்தது. இத்தகைய வேலைகளுக்குச் சீருடை அணிந்தவர்கள் மட்டுமின்றி, வெல்டரும் ஹெல்ப்பரும் காண்டிராக்ட் ஆளும் போகிறார்கள். அவர்கள் குடியிருப்பது டில்லியின் பெரிய வீதிகளில் அன்று; இதுபோன்ற ஊர்களிலேதான்.

மற்றொரு காரணமும் உண்டு. ஒரு மனிதனைப் பற்றிய குறிப்பை அவனுடைய உடம்பின் மீதே தொங்கவிடும் வழக்கத்தை இத்தீவு நன்றாக அறியும். 1858இல் தொடங்கிய கைதிக் குடியிருப்பிலும், பின்னர் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையிலும், கைதியின் கழுத்தில் ஒரு மர வில்லை மாட்டப்பட்டிருந்தது. அவனுடைய எண், அவன் தண்டிக்கப்பட்ட சட்டப் பிரிவு, தண்டனை விதிக்கப்பட்ட நாள், விடுதலையாகும் நாள் ஆகிய யாவும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. எதிரே வருபவன் எவனாயினும் அதைப் படித்துக்கொள்ளலாம்; கையால் மூடிக்கொள்வதற்கு மட்டும் அணிந்தவனுக்கு உரிமை இல்லை.

இன்றைக்குக் கதிரியக்கத் தொழிலாளி மார்பில் அணியும் வில்லை, அதாவது நாம் டி.எல்.டி. பேட்ஜ் என்று அழைப்பது, அதற்கு நேர்மாறான சுபாவம் உடையது. அதன் உள்ளே டிஸ்புரோசியம் சிறிதளவு சேர்ந்த கால்சியம் சல்பேட் வட்டுகள் மூன்று உள்ளன. கதிர் படும்போதெல்லாம் அதன் சக்தியில் ஒரு பகுதியை அவை உள்வாங்கித் தேக்கி வைத்துக்கொள்கின்றன. வழக்கமாக மூன்று மாதங்களுக்கு ஒருமுறை, நம்மைப் போன்ற தீவுவாசிகளிடமிருந்து கடல் தாண்டி ஆய்வகத்துக்குச் சென்று, அங்கே சூடேற்றப்படும்பொழுது, தேக்கியதை ஒளியாக உமிழ்ந்துவிடுகின்றன. அந்த ஒளியின் அளவைக் கொண்டே அவர் பெற்ற கதிர்வீச்சின் அளவைக் கணிக்கிறார்கள். அணிந்தவர் அதனை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் அவருக்கு ஒன்றும் புலப்படாது. அது மட்டுமன்று. ஒருமுறை சூடேற்றிப் படித்தவுடன் வட்டு தன் நினைவை இழந்துவிடுகிறது. துடைத்த பலகைபோலாகி மறுபடியும் உபயோகத்துக்கு வருகிறது. ஆகவே, ஒரு தொழிலாளியின் சரீரத்தில் மூன்று மாத காலம் என்ன நேர்ந்தது என்பதற்கு, ஆய்வகத்தில் எழுதிவைக்கப்படும் அந்த ஓர் எண்ணைத் தவிர வேறு சாட்சி உலகத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை. இந்த நுட்பத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பதிவேடு என்பது வெறும் ஆபீஸ் காகிதமாக நமக்குத் தோன்றாது.

இனி, நம் மொழியைச் சற்றே காது கொடுத்துக் கேட்கும்படி வேண்டுகிறேன். இரகசியம், அந்தரங்கம் என்னும் இரண்டு சொற்களும் வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டுப் பேச்சில் கலந்துவிட்டவை. இரண்டையும் ஒரே பொருளில் வழங்குவாரும் உண்டு. ஆயினும் அரசாங்க இரகசியம் என்று சொல்கிற நாம், அரசாங்க அந்தரங்கம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. இரகசியம் மந்திரிக்கு இருக்கலாம், வியாபாரிக்கு இருக்கலாம், ஒரு கோட்டைக்கும் இருக்கலாம். அந்தரங்கம் என்பதோ உள்ளமும் உடலும் உள்ள ஓர் உயிருக்கு மட்டுமே உரியது. படைத்துறைத் தொழிலாளியின் கதிர்வீச்சுக் குறிப்பிலே இவ்விரண்டும் ஒரே காகிதத்தின் இருபுறம்போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த நிலையத்தில், எந்த இயந்திரத்தினருகே, எத்தனை மணி நேரம் என்பது நாட்டின் பாதுகாப்பைப் பொறுத்த இரகசியமாக இருக்கக்கூடும். அவனுடைய இரத்தத்தில் என்ன மாறுதல் கண்டது என்பது அவனுடைய அந்தரங்கம். தொழிலாளியின் அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதிகாரம் தன் இரகசியத்தைக் காத்துக்கொள்வதும், இரகசியம் என்ற பெயரால் அவனுடைய அந்தரங்கத்தை அவனிடமிருந்தே மறைத்துவிடுவதும் இதனாலேயே எளிதாகிவிடுகின்றன. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றே.

கல்பாக்கத்தில் நடந்ததை உதாரணமாகக் கொள்வோம். 2003ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள், அங்குள்ள எரிபொருள் மறுசுத்திகரிப்பு ஆலையில், குறைந்த கதிரியக்கமுள்ள கழிவு என்று நம்பி அதன் மாதிரியை எடுக்கப்போன தொழிலாளர் ஆறு பேர் கடுமையான கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். ஒரு வால்வு பழுதாகி, மிகுந்த கதிரியக்கமுள்ள கழிவு அவ்விடத்திற் புகுந்துவிட்டிருந்தது. அதை அவர்களுக்கு அறிவிக்கத்தக்க கருவி அங்கே இல்லை. அவர்கள் பெற்ற அளவு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை. நம் நாட்டு விதிப்படி ஒரு தொழிலாளி ஓர் ஆண்டில் பெறத்தக்க உச்ச வரம்பு 30 மில்லிசீவர்ட். ஐந்தாண்டுச் சராசரியோ ஆண்டுக்கு 20தான். தொழிற்சங்கத்தார் சில நாட்களுக்குள்ளேயே பாதுகாப்புக் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்தனர். பொதுஜனங்களுக்கு அதிகாரபூர்வமாக விஷயம் தெரியவந்தது ஏறக்குறைய ஆறு மாதங்களுக்குப் பிறகு. அந்த ஆலை பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. அம்மையத்தின் நிலையங்கள் 2000ஆம் ஆண்டிலேயே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் மேற்பார்வையிலிருந்து விலக்கப்பட்டு, மையத்தின் சொந்தக் குழுவினது கண்காணிப்பில் விடப்பட்டிருந்தன. அந்த ஆறு பேரும் படைவீரர்கள் அல்லர் என்பது உண்மை. ஆயினும் தேசப் பாதுகாப்பு என்னும் திரை விழுந்த இடத்தில் தொழிலாளியின் உடம்புக்கு என்ன நேர்கிறது என்பதை அறிவதற்கு இதைவிட அண்மையான உதாரணத்தை நான் காணவில்லை. ஆறு பேருடைய பெயர்களையும் வெளியிடாமல் காப்பது அந்தரங்கத்துக்குச் செய்யும் மரியாதை. வால்வு பழுதானதை வெளியிடாமல் இருந்தது யாருடைய அந்தரங்கத்துக்கும் செய்த மரியாதையாகாது.

தொழிலாளி தன் குறிப்பு பிறர் கண்ணில் படலாகாது என்று அஞ்சுவதற்கும் நியாயம் இருக்கிறது. என் இளமையில் நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், பேட்ஜ் அறிக்கை வந்தவுடன் அதனை எல்லோருடைய பெயரோடும் எண்ணோடும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம். ஒருமுறை, எங்களோடு வேலை செய்த பெண் ஒருத்தியின் எண் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாக இருந்தது. அவள் பேட்ஜை எக்ஸ்ரே அறையிலேயே மறந்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போன நாட்களில், கதிர் பட்டது பேட்ஜுக்கு, அவளுக்கு அன்று. விசாரணையில் அது தெளிவாகவும் ஆயிற்று. ஆனால், நோயாளியைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டு உறவினர் ஒருவர் அதற்கு முன்பே பலகையைப் பார்த்துவிட்டிருந்தார். நிச்சயம் செய்ய இருந்த சம்பந்தம் நின்றுபோயிற்று. குழந்தை பிறக்காதாம், பிறந்தாலும் ஊனமாய்ப் பிறக்குமாம் என்று ஊர் பேசியது. அந்தப் பெண் வேலையை விட்டு நின்ற நாளன்று அந்தத் தாளை நானே கிழித்தெறிந்தேன். அதற்கு முன்பே கிழித்திருக்க வேண்டும் என்ற வருத்தம் இன்றளவும் எனக்கு உண்டு.

ஜப்பானில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் உயிர் பிழைத்தவர்களுக்கு மருத்துவ உதவிக்காக 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு கைப்புத்தகம் வழங்கப்பட்டது. சிகிச்சைக்கு உதவும் அப்புத்தகத்தை வாங்கினால், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பது ஊராருக்குத் தெரிந்துவிடும், பிள்ளைகளின் விவாகம் தடைப்படும் என்று அஞ்சி, வாங்காமலே காலம் கடத்தியவர்கள் பலர். படையில் இருப்பவனுக்கு இன்னொரு பயமும் உண்டு. உடல்தகுதியைக் குறிக்கும் மருத்துவ வகை ஒரு படி இறங்கினால் பதவி உயர்வும் பணி நீடிப்பும் சந்தேகத்துக்குள்ளாகும். ஆகவே அவன் பேட்ஜைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கதிருக்கு நடுவே போகத் துணிகிறான். குறிப்பைக் காக்கத் தவறிய நிர்வாகம், குறிப்பே பொய்யாகிவிடும் நிலையை இவ்வாறு தானே உண்டாக்கிக்கொள்கிறது.

இனி, தன் குறிப்பு தனக்கே கிட்டாத நிலையைப் பார்ப்போம். பிரிட்டன் 1957, 1958ஆம் ஆண்டுகளில் பசிபிக் சமுத்திரத்துக் கிறிஸ்துமஸ் தீவில் (நம் இந்து சமுத்திரத்தில் அதே பெயருள்ள தீவிலன்று) ஹைட்ரஜன் குண்டுகளைச் சோதித்தது. அங்கிருந்த படைவீரர்களில் மக்ஜின்லி, ஈகன் என்னும் இருவர், பிற்காலத்தில் நோயுற்று ஓய்வூதியம் கோரியபோது, தங்களைப் பற்றிய பதிவேடுகள் தங்களுக்குக் கிட்டவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினார்கள். 1998இல் வந்த தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமையவில்லை. கோருவதற்கு இருந்த வழியை அவர்கள் கைக்கொள்ளவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். எனினும் அதே தீர்ப்பில், மறைவான கேடு விளைக்கக்கூடிய காரியங்களில் தன் ஆட்களை ஈடுபடுத்தும் அரசாங்கம், அவர்கள் தங்களைப் பற்றிய தகவலைப் பெறுவதற்கு எட்டத்தக்க ஒரு வழியை ஏற்படுத்தித் தரக் கடமைப்பட்டது என்று கூறப்பட்டது. போர்ட்டன் டவுன் என்னுமிடத்தில் நச்சு வாயுச் சோதனைக்கு உள்ளான ரோச் என்னும் படைவீரருக்கு 2005இல் அதே நீதிமன்றம் வெற்றியளித்தது. அந்தரங்க வாழ்வுக்கு மதிப்பளிக்கும் உரிமை என்ற ஒரே சட்டப் பிரிவிலிருந்துதான், தன்னைப் பற்றி அறியும் உரிமையும் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. அமெரிக்காவிலோ, அணுகுண்டுச் சோதனைகளில் பங்குகொண்ட படைவீரர்கள் தாம் கண்டதை வெளியிடலாகாது என்ற உறுதிமொழிக்குக் கட்டுப்பட்டு, தம் மருத்துவரிடம்கூட வாய் திறக்கத் தயங்கினார்கள். 1996ஆம் ஆண்டில்தான் அக்கட்டு சட்டத்தால் அவிழ்ந்தது.

நம் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஒன்பதின்மர், 2017 ஆகஸ்டு 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் வழியில் 2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுச் சட்டமோ, நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு, தான் குறிப்பிடும் அமைப்புகளை விலக்கிவைக்க அரசாங்கத்துக்கு இடம் தருகிறது. உடல்நலக் குறிப்பைத் தனிப்பட்ட கவனிப்புக்குரியதென்று பிரித்துக் காட்டவும் இல்லை. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில், பணியிற் சேரும்போது ஆரோக்கியமாக இருந்த படைவீரனுக்குப் பின்னர் வரும் நோய் பணியினால் வந்ததன்று என்று காட்டும் பொறுப்பு நிர்வாகத்தையே சார்ந்தது என்று அதே நீதிமன்றம் விளக்கியது. இது படைவீரனுக்குப் பெரிய துணை. காண்டிராக்ட் தொழிலாளிக்கு அந்தத் துணை இல்லை. அவனுக்குத் தன் எண் ஒன்றே துணை.

அந்த எண்ணும் எத்தனை காலம் இருக்கும்? மருத்துவர் ஒழுக்க விதிகள் உள்நோயாளியின் குறிப்பை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்கின்றன. கதிர்வீச்சினால் வரும் புற்றுநோயோ பல ஆண்டுகள், சிலருக்கு முப்பது நாற்பது ஆண்டுகள்கூடப் பதுங்கியிருந்து வெளிப்படும். அதனால்தான் சர்வதேச அணுசக்தி முகமையின் நெறிகள், தொழிலாளிக்கு 75 வயது நிரம்பும் வரையிலும், வேலையை விட்டபின் 30 ஆண்டுகளுக்குக் குறையாமலும் பதிவேட்டைப் பேண வேண்டும் என்கின்றன. அவரே அதைப் பார்க்க வழி வேண்டும் என்றும், பிறரிடமிருந்து மறைத்துக் காக்க வேண்டும் என்றும் சேர்த்தே விதிக்கின்றன. 1973 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீ, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர் கோப்புகளை அழித்துவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தின் மீது கடல் ஏறிய காலையை இச்சபையிலுள்ள பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஆட்களையும் வீடுகளையும் வாரிக்கொண்டுபோன நீருக்குக் காகிதம் எம்மாத்திரம்? தொழிலாளியின் கையிலும் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிகழ்ச்சி நிரலின் வெற்றிடத்துக்கு வருகிறேன். அதற்கு உரியவர், படைத்துறைப் பணியிடம் ஒன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். தம் எண்களைத் தாமே காண விரும்பிப் பல ஆண்டுகள் எழுதிக் கேட்டு, முடிவில் கையில் வாங்கியவர். பெயர் சொல்லாமல் பேச இசைந்தால் வருவேன் என்றார். மகளுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. பத்திரிகை அன்பர்கள் தங்கள் காமிராக்களை வாயிலருகேயுள்ள மேஜை மீது வைத்துவிடும்படியும், மற்றவர்கள் கைப்பேசியில் படம் எடுக்காதிருக்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன். இவ்வூர்க்காரர்கள் சிலருக்கு அவரைத் தெரிந்தேயிருக்கும். அவர்களும் கேள்வி கேட்கும்போது ஐயா என்றே அழைப்பார்களாக. ஐயா, வாருங்கள்.