பழம் நமக்கு, கொட்டை குப்பைக்கு
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். வந்த கையோடு பக்கத்து வீட்டுக்கு ஒரு பை பிளம்ஸ் கொடுப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டது. இந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்த பையைப் பார்த்து நம் குடியிருப்புச் சகோதரி ஒருவர் கேட்டார்: "சார், இதுதானே ஆப்ரிகாட்? அதோட பருப்பு புற்றுநோய்க்கு மருந்துன்னு வாட்ஸ்அப்பில் வந்துச்சே?" அதற்கான பதில்தான் இந்தப் பேச்சு. நான் மருத்துவர் அல்ல. மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன்.

முதலில் பழத்தைப் பார்ப்போம். பிளம்ஸ் வேறு, ஆப்ரிகாட் வேறு. ஆனால் ஆப்ரிகாட், பிளம்ஸ், பீச், பாதாம் எல்லாம் ஒரே இனத்துப் பங்காளிகள். ஆப்ரிகாட் ஆரஞ்சு நிறத்தில், தோலில் மெல்லிய பூனைமுடியோடு இருக்கும். அந்த மரம் நன்றாகக் காய்க்க நீண்ட கடுங்குளிர் வேண்டும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், நம்மை நடுங்க வைக்கும் அந்தக் குளிர் பொதுவாக ஆப்ரிகாட்டுக்குப் போதாது. குறைந்த குளிரிலேயே காய்க்கும் பிளம்ஸும் பீச்சும் பேரிக்காயும்தான் பழனி மலையில் நன்றாக வருகின்றன.

நம் நாட்டில் ஆப்ரிகாட்டின் வீடு லடாக், காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம். லடாக்கில் கோடையில் பழத்தை வெயிலில் உலர்த்தி, பனிக்காலம் முழுக்க வைத்துச் சாப்பிடுவார்கள். பருப்பிலிருந்து எண்ணெய் எடுத்து முடிக்கும் உடம்புக்கும் தேய்ப்பார்கள், விளக்கும் ஏற்றுவார்கள். அங்கே விளையும் 'ரக்ட்சே கார்ப்போ' என்ற வெள்ளைக்கொட்டை ரகத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஹைதராபாத் கல்யாண விருந்தில் வரும் 'குபானி கா மீட்டா' உலர்ந்த ஆப்ரிகாட்டில் செய்வதுதான்.

சத்து என்று பார்த்தால், கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின், நார்ச்சத்து, பொட்டாசியம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் ஒரு கணக்கை மறக்கக்கூடாது. 100 கிராம் பச்சைப் பழத்தில் சுமார் 48 கலோரி. உலர்ந்த பழத்தில் அதுவே சுமார் 240. அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. 'டிரை ஃப்ரூட்தானே' என்று சர்க்கரை நோயாளிகள் கை நிறைய அள்ளக்கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் உலர்பழம் பெரும்பாலும் கந்தகம் சேர்த்தது. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது மூச்சுத்திணறலைக் கிளப்பும். பழுப்பு நிறத்தில் இருந்தால் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம்.

இனி அந்தப் பருப்பு விஷயம். கசப்பான ஆப்ரிகாட் பருப்பில் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. மென்றாலோ அரைத்தாலோ அதிலிருந்து சயனைடு வெளிவரும். மரவள்ளிக்கிழங்கை வேகவைத்து நம் பாட்டிமார் தண்ணீரை வடித்துக் கொட்டினார்களே, அதுவும் இதே விஷத்துக்குப் பயந்துதான். இந்தப் பருப்பைத்தான் 'வைட்டமின் பி17' என்று பெயர் சூட்டி விற்கிறார்கள். அப்படி ஒரு வைட்டமினே கிடையாது. அமெரிக்காவில் 178 புற்றுநோயாளிகளுக்கு அமிக்டலின் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1982-ல் வெளிவந்தது. ஒருவருக்கும் நோய் குணமாகவில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் சொன்னது இது: பெரியவர்கள் ஒரே வேளையில் மூன்று சிறிய பருப்புக்கு மேல் தின்றாலே பாதுகாப்பு அளவைத் தாண்டிவிடும், சின்னக் குழந்தைக்கு ஒன்றே அதிகம்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் அக்காவுக்கு கீமோ சிகிச்சை நடந்தபோது, உறவுக்காரர் ஒருவர் அன்போடு ஒரு பாக்கெட் பருப்பு வாங்கிக் கொடுத்தார். அக்கா யாரிடமும் சொல்லாமல் தினமும் தின்றிருக்கிறார். தலைச்சுற்றலும் வாந்தியும் கீமோவால்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மருந்தையே கையாண்ட எனக்கும் தோன்றவில்லை. "வேற என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று மருத்துவர் கேட்ட பிறகுதான் பாக்கெட் வெளியே வந்தது. நிறுத்தினார், நல்லவேளை, தப்பித்தார். கொடுத்தவர் மேல் எனக்கு இன்றும் கோபமில்லை. நான் முன்பே கேட்கவில்லையே என்ற வருத்தம்தான்.

அதனால் மூன்று வேண்டுகோள். பிளம்ஸ், பீச் கொட்டையிலும் இதே பொருள் உண்டு. ஜாம், ஜூஸ் போடும்போது கொட்டையை எடுத்துவிட்டு மிக்ஸியில் போடுங்கள். குழந்தை முழுக் கொட்டையைத் தவறி விழுங்கினால் பொதுவாக விஷமாகாது. தொண்டையில் சிக்காமல் பார்ப்பதுதான் முக்கியம். ஆனால் பருப்பைக் கடித்துத் தின்றபின் தலைவலி, வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். என்ன தின்றார் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால், வேறென்ன சாப்பிடுகிறார் என்று இன்றே கேளுங்கள்.

அடுத்த முறை கொடைக்கானல் போனால் பிளம்ஸ் வாங்கி வாருங்கள். எங்கள் வீட்டுக்கும் ஒரு பை கொடுங்கள். பழம் நமக்கு; கொட்டை குப்பைக்கு.