கம்ப்யூட்டர் வாங்கும் முன் எண்ணைப் படியுங்கள்



கம்ப்யூட்டருக்குள் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதன் பெயர் பிராசசர். தமிழில் செயலி என்கிறோம். கணக்குப் போடுவது அதுதான். நாம் சொல்லும் வேலையைச் செய்வதும் அதுதான். இன்டெல், ஏஎம்டி ஆகிய நிறுவனங்களின் செயலிகள் கடைகளில் அதிகம் கிடைக்கின்றன. இன்று இன்டெல் செயலியைப் பார்ப்போம்.

ஒரு மளிகைக் கடைக்காரர் பில் போடப் பழைய கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார். கையில் இருப்பது கடன் வாங்கிய பணம். விற்பவர் இரண்டு கம்ப்யூட்டர்களைக் காட்டுகிறார்.

"இது ஐ7 அண்ணே. அது வெறும் ஐ3. ஐ7தான் உசத்தி" என்கிறார்.

கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணைப் படிக்க வேண்டும்.

ஒன்றில் ஐ7-2600 என்று இருக்கிறது. முதல் இலக்கம் 2. அது இரண்டாம் தலைமுறை. 2011இல் வந்தது.

மற்றதில் ஐ3-12100 என்று இருக்கிறது. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். இது 12ஆம் தலைமுறை. 2022இல் வந்தது.

இரண்டில் ஐ3தான் வேகமானது! பெயரில் 7 இருப்பதால் மட்டும் உசத்தி ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் விண்டோஸ் 11க்கு ஏற்றவை. முந்தைய விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டரில் கடைக் கணக்கை வைப்பது, பூட்டு இல்லாத பெட்டியில் பணம் வைப்பது போல.

2023இல் இன்டெல் பெயர் முறையை மாற்றியது. புதுப் பெயர்களில் 'ஐ' என்ற எழுத்து இல்லை. அவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

யாருக்கு எது போதும்? பில் போட, கடிதம் அடிக்க, பிள்ளைகள் படிக்க, புதிய தலைமுறை ஐ3 போதும். மிச்சமாகும் பணத்தில் 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். கல்யாண வீடியோ தயாரிக்கும் ஸ்டுடியோவுக்கு ஐ5 அல்லது ஐ7 தேவைப்படும்.

மேலே ஒட்டிய ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம். கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று வரிசையாகத் திறந்தால் செயலியின் பெயர் வரும். அதே எண்ணை ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

எண் படிக்கத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். முதலில் படியுங்கள். பிறகு பணம் கொடுங்கள்.