அம்மாயி பாடிய கையறுநிலை

 

இலக்கியத்தில் இரங்கல் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். முனைவர் பட்டத்திற்காகப் புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை ஆய்ந்தவள் என்பது பற்றி இத்தலைப்பைத் தந்திருக்கலாம். ஆயினும், இரங்கற் பாட்டு இன்னதென எனக்கு முதலில் உணர்த்தியவர் எழுத்தறியாத ஒருவர். இராசிபுரத்தை அடுத்த சிற்றூரில் வாழ்ந்து மறைந்த என் தாயைப் பெற்றவர். எங்கள் கொங்கு வழக்கில் அம்மாயி.

அம்மாயி இளமையிலேயே கணவரை இழந்தவர். கடலைக்காய் பறித்தும், பின்னர்ச் சேகோ ஆலைக் களத்தில் சவ்வரிசி காயவைத்தும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். வெயிலில் வெண்மையாகப் பரந்துகிடக்கும் களத்தைப் பார்த்துப் பார்த்தே கண் மங்கியது என்பார். குரல் மட்டும் மங்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் எவர் வீட்டில் இழவு நேர்ந்தாலும் அம்மாயியை அழைக்க ஆள் வரும்.

தொல்காப்பியர் கையறுநிலையைக் காஞ்சித்திணையில் வைத்தார். மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். இளிவாவது பிறரால் இகழப்படுதல், இழவாவது உயிரேனும் பொருளேனும் இழத்தல், அசைவாவது பண்டை நிலை கெட்டு வேறுபடுதல், வறுமையாவது இல்லாமை. நூலில் படித்த இந்நான்கையும் அம்மாயியின் ஒப்பாரியில் ஒருசேரக் கேட்டிருக்கிறேன். அயல்வீட்டுப் பெரியவருக்காக அழத் தொடங்குவார். சிறிது நேரத்தில், பிறந்த வீட்டுச் சீர் நின்றுபோனது பாட்டில் வரும்; கைம்பெண் என்று மணவீட்டில் ஒதுக்கி நிறுத்தியதும் வரும். வேறு எங்கும் வாய்திறந்து சொல்ல இயலாததை அங்கே சொன்னார். ஊரும் மறுக்காமல் கேட்டது.

ஆய்வுக் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்முன் அமர்ந்தேன். "நல்லா இருக்கற ஊட்டுக்குள்ள ஒப்பாரி பாடலாமா கண்ணு? ஆகாது" என்று மறுத்துவிட்டார். நானும் வேறு ஊர்களுக்குச் சென்று, வேறு தாய்மார்களின் பாடல்களைப் பதிந்துவந்தேன். பின்னர் ஒருநாள் அறுவடை முடிந்த கடலைக் காட்டில், கொல்லிமலை மேல் வெயில் தாழும் வேளையில், நான் கேளாமலே அம்மாயி பாடினார். அரை மணி நேரத்திற்கு மேலிருக்கும். தாத்தாவுக்காக அந்நாளில் பாடியதாம். கருவி வீட்டில் இருந்தது. அடுத்த விடுமுறையில் இதே காட்டிற்கு அழைத்துவந்து பதியலாம் என எண்ணிக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்கு முன்பே அம்மாயி மறைந்தார்.

இழவு வீட்டில் தோள்மேல் தோள்சேர்த்து அமர்ந்திருந்த பெண்கள், "படிச்ச பேத்தி, ரெண்டு வார்த்தை சொல்லி அழு சாமி" என்றனர். கையறுநிலைக்கு முந்நூறு பக்கம் எழுதிய எனக்கு ஓர் அடியும் வரவில்லை. அப்போது அம்மாயியோடு களத்தில் உழைத்த மூதாட்டி ஒருவர் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நானே பாடுவதுபோல, பேத்தியின் வாய்மொழியாகவே பாடத் தொடங்கினார். ஒப்பாரி என்னும் சொல்லுக்கு ஒப்புமை என்றும் பொருளுண்டு. அப்பொருளை அன்றுதான் உணர்ந்தேன். பேச்சற்றவருக்காக மற்றொருவர் அவராகவே நின்று அழுகிறார்.

அவையோரே! அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் புலம்பியது நம் அண்டை நாடாகிய தகடூர் மன்னனை எண்ணி. அப்பாடலை ஏடுகள் காத்தன, உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்ததால் அது என் கைக்கும் வந்து சேர்ந்தது. என் தாத்தாவுக்காக அம்மாயி பாடியதோ, அவருடைய பேத்தி ஒருத்தி தமிழ் படித்திருந்தும் அழிந்துபோயிற்று. எனக்கு நினைவில் நிற்பவை நான்கைந்து அடிகளே. அவையும் முறைபிறழ்ந்து நிற்கின்றன.

இப்போது என் மாணவியர்க்கு ஆண்டுதோறும் ஒரு பணி தருகிறேன்: பிறர் ஊருக்குப் போகுமுன் உங்கள் வீட்டு முதியவரின் ஒரு பாட்டை எழுதி வாருங்கள், வீட்டிற்குள் பாட அஞ்சினால் காட்டிற்கு அழைத்துச் செல்லுங்கள், விடுமுறைக்கென்று தள்ளிவைக்காதீர்கள். இவ்வேண்டுகோளையே உங்கள்முன்னும் வைத்து அமைகின்றேன்.