வீதிக்கோடிக் குப்பைமேடு
(ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயலும் இசையும் முழங்கிய இம்மேடையில் குப்பையைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துள்ளார். தலைநகர் தில்லியில் வாழும் நமக்கு இதுவும் வேண்டிய பேச்சே.

நம் காலனிக்கும் இருப்புப்பாதைக்கும் இடையிலுள்ள வெற்று நிலத்தில் இரவோடு இரவாகக் கொட்டப்படும் குப்பையை அறியாதவர் இங்கில்லை. குடிசைவாசிகள் மீது பழி போடுதல் எளிது. உடைந்த செங்கல்லும் பளிங்குச் சில்லும் குடிசையிலிருந்தா வந்தன? மாடிவீட்டைப் புதுப்பிப்பவர் வண்டிக்காரரிடம் பணத்தைக் கொடுத்து, "எங்கேயாவது போடு" என்கிறார். அந்த 'எங்கேயாவது' நம் வீதிக்கோடியாக இருக்கிறது. இடிபாடுகளைத் தெருவிலோ வடிகாலிலோ கொட்டலாகாது என்று 2016-ஆம் ஆண்டின் விதிகளே கூறிவிட்டன. அவற்றை அரைத்து மீண்டும் பயன்படுத்தும் ஆலை 2009-இலேயே இந்நகரின் புராரியில் தொடங்கப்பட்டது.

ஆயினும் நம்மவர் முறையிடத் தயங்குகின்றனர். "பிழைக்க வந்த இடம், இந்தியும் சரளமாக வராது, நமக்கேன் வம்பு?" என்கின்றனர். வரி செலுத்துவோர் கேட்பது வம்பாகுமா? மொழித் தடையும் பெரிதன்று. 2016-இல் வெளிவந்த 'ஸ்வச்சதா' செயலியில் படமும் இடமும் அனுப்பினாற் போதும். எழுத வேண்டின் நம் இளைஞர்கள் எழுதித் தரட்டும்.

பார்சல் அலுவலகத்தில் ரசீது எண் இல்லாத மூட்டையைத் தேடுவது எத்துணைக் கடினம் என்பதை நான் அறிவேன். எண்ணில்லா முறையீடும் அத்தகையதே. எண்ணையும் நாளையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். வண்டியின் எண் தெரிந்தால் மிக நன்று. ஆனால் இரவில் தனியே சென்று கொட்டுவோருடன் சண்டையிட வேண்டா.

நிலம் யாருடையது என்பதே பெருஞ்சிக்கல். ஓர் அலுவலகம் 'எம் எல்லையன்று' என்று கோப்பை மூடும்; மற்றொன்றும் அவ்வாறே செய்யும். இங்கே நம் தொழிலறிவு சிறிது உதவும். மின்மயப் பாதையின் தூண்கள்தோறும் எண் எழுதப்பட்டிருக்கும். மேலே கிலோமீட்டர், கீழே தூணின் வரிசை எண். வேலிக்கு இப்பால் நின்றே அதனைப் படித்து முறையீட்டிற் சேர்த்து, இரு அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் அனுப்பினால், இடம் எதுவென்று எவரும் ஐயுற முடியாது. தண்டவாளத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

குளிர்காலத்தில் அக்குவியலுக்குத் தீ வைப்பாரும் உளர். 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் குப்பையை எரிப்போருக்கு 5,000 ரூபாயும், பெருங்குவியலாயின் 25,000 ரூபாயும் தண்டம் விதித்தது. புகையில் இருமும் குழந்தைகளை எண்ணினால் இது மிகையன்று.

லாரி வந்து அள்ளியதும் நம் கடமை தீர்ந்ததென்றும் எண்ணலாகாது. அள்ளியது எங்கே போகிறது? 1984-இல் தொடங்கி 2002-இலேயே நிரம்பிய காஸிப்பூர் குப்பைமலை, 2017 செப்டம்பர் 1-ஆம் நாள் சரிந்து இருவர் உயிரைக் கொண்டது. ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் வீட்டிலேயே பிரித்தால் அம்மலைக்கு நாம் அனுப்பும் பங்கு குறையும்.

வெறுமையாய் விட்ட இடம் விரைவில் மீண்டும் நிரம்பும். பெங்களூரில் துப்புரவு செய்த மூலைகளில் கோலமிட்டனர். கோலத்தின்மேல் குப்பையை வீசக் கை கூசுமன்றோ! நம் மகளிருக்குக் கோலம் கற்பிக்க வேண்டுவதில்லை. அவ்விடம் துப்புரவானதும் வண்ணப்பொடிச் செலவைச் சங்கம் ஏற்கும் என்று தலைவர் இசைந்துள்ளார்.

ஒரு சிறு விண்ணப்பம்: இன்றைய விருந்தின் இலைகளைப் பின்வாயிலருகே உள்ள பச்சைக் கூடையிலும், தண்ணீர்ப் புட்டிகளை நீலக் கூடையிலும் இடுங்கள்.