மகுடத்தின் காவலர்கள்: சதுரங்கமும் அதை ஆளும் சங்கங்களும்



வென்றவரை நாடு கொண்டாடுகிறது. அவர் வெல்வதற்கு ஒரு நேர்மையான வழி எப்படி உண்டானது என்று நாம் கேட்பதில்லை. அந்த வழியை அமைக்கும் சங்கங்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1886-இல் ஸ்டைனிட்ஸ் வென்றது முதல் சுமார் அறுபது ஆண்டுகள், உலகச் சதுரங்கப் பட்டம் வென்றவரின் சொந்தச் சொத்தாகவே இருந்தது. யாரோடு மோதுவது, எவ்வளவு பணத்துக்கு மோதுவது என்பதெல்லாம் அவர் விருப்பம். 1922-இல் அன்றைய சாம்பியன் காபபிளாங்கா வகுத்த விதிப்படி பரிசுத்தொகை 10,000 டாலருக்குக் குறையக்கூடாது. 1927-இல் அந்தத் தொகைக்கு ஆதரவு திரட்டி வந்த அலெகைன் அவரை வென்றார். மீண்டும் ஒரு பட்டப் போட்டிக்குக் காபபிளாங்கா முயன்றார்; 1942-இல் இறக்கும்வரை அது கைகூடவில்லை.

1924-இல் பாரிஸில் பிறந்த ஃபிடே என்னும் பன்னாட்டுக் கூட்டமைப்புக்கு அன்று பட்டத்தின்மீது அதிகாரம் இல்லை. 1946-இல் அலெகைன் பட்டத்தோடு மறைந்த பிறகே அந்தப் பொறுப்பு அதன் கைக்கு வந்தது. 1948-இல் ஹேக்கிலும் மாஸ்கோவிலும் ஐவரை மோதவைத்தது, போட்வின்னிக் வென்றார். பின்னர் மண்டலப் போட்டி தொடங்கி, சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டி வரை படிகள் அமைந்தன. 1970-இல், வெற்றி தோல்விகளைக் கொண்டே வீரரின் பலத்தை அளக்கும் ஈலோ தரப்புள்ளி முறை வந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தப் புள்ளி பார்ப்பதில்லை.

இந்த ஒழுங்கு 1993-இல் உடைந்தது. போட்டி நடக்கும் இடத்தையும் பரிசையும் தங்களைக் கலக்காமல் ஃபிடே முடிவு செய்தது என்று, சாம்பியன் காஸ்பரோவும் அவரோடு மோதத் தகுதி பெற்ற ஷார்ட்டும் வெளியேறித் தனியாகப் பட்டப் போட்டி ஆடினார்கள். அவர்கள் மனக்குறையில் நியாயம் இருந்தது. ஆனால் விளைவு என்ன? பதின்மூன்று ஆண்டுகள் இரண்டு பட்டங்கள். 1998-இல் ஷிரோவ் கிராம்னிக்கை வென்று, காஸ்பரோவுடன் மோதும் தகுதி பெற்றார். பணம் திரளவில்லை, போட்டி நடக்கவில்லை. 2000-இல் அந்த வாய்ப்பு, தோற்ற கிராம்னிக்குக்கே போனது. அதே ஆண்டு ஃபிடே பட்டத்தை வென்ற நம் ஆனந்த், ஐயத்துக்கு இடமில்லாத உலகச் சாம்பியனாக 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சங்கம் இல்லாத இடத்தில் பணம் ஆள்கிறது. அதற்காகச் சங்கம் தடம் புரளாது என்று சொல்ல மாட்டேன். அங்கீகாரம் பெறாத போட்டிகளில் ஆடக்கூடாதென வீரர்களைக் கட்டுப்படுத்தியதற்காக அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்புக்கு 2018-இல் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. பிழைப்பும் பெயரும் ஒரே சங்கத்தின் கையில் இருக்கும்போது, வீரர் எங்கே போய் முறையிடுவார்?

அறக்கட்டளைச் சொத்தை அறங்காவலர் பேணுவதுபோலச் சங்கம் ஆட்டத்தைப் பேண வேண்டும். சொந்தம் கொண்டாடக் கூடாது. தேர்வு விதிகளைப் போட்டிக்கு முன்பே எழுத்தில் அறிவிக்கட்டும். மேல்முறையீட்டைச் சங்க நிர்வாகிகள் அல்லாதவர்கள் விசாரிக்கட்டும். ஆடுகிறவர்களுக்கு நிர்வாகக் குழுவில் வாக்குரிமை இருக்கட்டும்.

2024-இல் பதினெட்டு வயது குகேஷ் சிங்கப்பூரில் அன்றைய உலகச் சாம்பியன் டிங் லிரெனை வென்றார். அவர் பந்தயப் பணம் திரட்டவில்லை. சாம்பியனின் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. கேண்டிடேட்ஸில் வென்றார், போட்டி அவருக்கு உரியதாயிற்று. காபபிளாங்காவுக்கும் ஷிரோவுக்கும் கிடைக்காத அந்த உரிமையை அடுத்த தலைமுறைக்குக் குறைவின்றிக் கொடுப்பதே சங்கங்களின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது ஆட்டத்தை நேசிக்கும் நம் எல்லோருடைய கடமை.